வெண்பனிக்கால ஓய்வு

ஓய்வு என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம்மிற் பலர்க்கு உறக்கமே நினைவிற்கு வருகின்றது. வேலை யாதுமின்றி இருத்தலே ஓய்வு என்று நாம் கொண்டுவிட்டோம். இக்கருத்துப் பொருந்தாது என்பதைக் குளிர்காலம் மிக நீண்ட ஐஸ்லாந்து தேசத்தாரின் மனைவாழ்க்கை நமக்கு நன்கு விளக்குகின்றது.

அத்தேசத்தின் வடபால் அக்குரேரி என்னும் ஊர் உளது. மார்கழியில் ஆங்குப் பகற்பொழுது ஏறக்குறைய 3 மணி நேரமே. வழியெல்லாம் வெண்பனி மூடிக்கிடக்கும். இத்தகைய நாட்களை அத்தேசத்தின் முன்னோர் எங்ஙனம் கழித்தனர்? 1814, 1815ஆம் ஆண்டுகளில் ஐஸ்லாந்திற் சுற்றுப்பயணம் செய்த எபனேசர் ஹெண்டர்சன் என்னும் ஸ்காட்லாந்து தேசத்தார் அதனை எழுதி வைத்துள்ளார். இவர் முதற்கண் வங்காளத்துச் செராம்பூருக்கு வர எண்ணி, கப்பலுக்காகக் கோபனேகன் நகரிற் காத்திருந்தவர் என்பதும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. விளக்கேற்றியதும் இல்லத்தார் அனைவரும் தத்தம் கைவேலையுடன் ஓர் அறையில் அமர்வர். ஒருவர் விளக்கருகே இருந்து பழைய வீரகதைகளை உரக்கப் படிப்பார். ஏனையோர் கம்பளி நூற்றும் பின்னியும் செவிசாய்ப்பர். இவ்வழக்கத்திற்கு அவர்கள் மொழியில் ‘மாலை விழிப்பு’ என்று பொருள்படும் பெயருண்டு.

இது வறுமையால் நேர்ந்த கட்டாயமன்றோ எனச் சிலர் வினவலாம். வினா நியாயமானதே. 16ஆம் நூற்றாண்டில் அந்நாட்டிற் புகுந்த பின்னற்கலை காலுறையாகவும் கையுறையாகவும் கப்பலேறி விலைப்பட்டது. சிறுவரும் அவ்வேலையினின்று தப்பவில்லை. அதனை வெறும் இன்பப் பொழுதுபோக்கென்று புகழ்தல் உழைத்தோர்க்கு நாம் இழைக்கும் அநீதியாகும்.

ஆயினும், கட்டாயம் நீங்கிய பின்னரும் பின்னல் நீங்கவில்லை என்பதே நாம் கருதத்தக்கது. இன்று அந்நாட்டில் பத்தில் ஒன்பது இல்லங்கள் பூமியினடியிலிருந்து பெறும் வெப்பத்தாற் சூடேற்றப்படுகின்றன. ஆலையிற் செய்த ஆடைகளுக்கும் குறைவில்லை. இருந்தும், தோளைச் சுற்றிக் கோலமிட்ட கம்பளிச் சட்டைகளை இல்லத்திலிருந்தே பின்னுவோர் பலர். அந்நாட்டு ஆட்டின் மயிர் இருவகைத்து: மழைநீரைத் தடுக்கும் நீண்ட புறமயிர் ஒன்று, வெம்மை காக்கும் மென்மையான அகமயிர் மற்றொன்று. இவ்விரண்டும் கலந்த நூலைக் கை பின்னிக்கொண்டிருக்கச் செவி கதை கேட்கும். அந்நிலையில் மனம் அலைவதில்லை. பொழுது கழிந்தபின் கையில் ஒரு பொருளும் நிற்கின்றது.

இனி, அவ்வில்லத்தின் தோட்டத்தை நோக்குவோம். அது உயிரற்றது போற் கிடக்கின்றது. உண்மை அதுவன்று. பனிப்படலம் தன்னுட் காற்றை அடக்கி மண்ணுக்குப் போர்வையாகின்றது. மேலே கடுங்குளிர் வீசினும் கீழே மண் அத்துணை குளிர்வதில்லை. துலிப் கிழங்கோ, பல வாரங்கள் குளிரிற் கிடந்தாலன்றி நன்கு மலராது. ஆகவே, தோட்டக்காரன் சாளரத்தருகே வாளாவிருக்கும் நாட்களிலும் தோட்டம் தன் வேலையைச் செய்கின்றது. அக்குரேரி நகரப் பெண்டிர் முயன்று 1912ஆம் ஆண்டிற் பொதுமக்களுக்குத் திறந்த பூங்கா, பின்னர்த் தாவரவியற் பூங்காவாக வளர்ந்து இன்றும் கோடைதோறும் பூத்துக் குலுங்குகின்றது. பனியைப் பகையென்று கருதியிருப்பின் அம்மாதர் அம்முயற்சியில் இறங்கியிருப்பரோ?

இவற்றால் நாம் துணிவது யாதெனின், நல்லோய்வு என்பது செயலின்மையன்று, விரைவின்மையே ஆம். கைக்கு ஒரு தொழிலும், செவிக்கு ஒரு நல்லுரையும், காத்திருக்கும் பொறுமையும் அமைந்த பொழுதே நம்மை வளர்க்கும். கைப்பேசியைத் தள்ளித் தள்ளிக் கழியும் மாலையில் இம்மூன்றனுள் யாதேனும் உண்டோ? கையும் சும்மா இருப்பதில்லை, மனமும் இளைப்பாறுவதில்லை. முடிவில் எஞ்சுவதும் ஒன்றில்லை.

மாணவ நண்பர்காள்! வரும் விடுமுறையில் ஒரு மாலையேனும் வீட்டார் நடுவே அமர்ந்து ஒரு நூலை உரக்கப் படிமின்; கேட்போர் பூத்தொடுக்கட்டும், துணி தைக்கட்டும், கீரை ஆயட்டும். அதற்கு வெண்பனி பெய்யவேண்டுவதில்லை, விருப்பமே போதும்.