மார்கழியில் லோரி ஏறும் வீடு

சுங்கை சிப்புட்டிலிருந்து தெலுக் பங்லிமா காராங்கிற்கு வீடு மாறும் நேயர் ஒருவர் வானொலிக்கு அழைத்தார். லோரிக்குச் சொல்லியாகிவிட்டது. பாட்டிதான் ஒத்துக்கொள்ளவில்லையாம். "மார்கழியில் யாராவது புது வீட்டுக்குப் போவார்களா? தை பிறக்கட்டும்!"

பாட்டி சொல்வது நம் வழக்கம்தான். ஆனால் நாள்காட்டி ஒத்துழைக்க வேண்டுமே! 2026-இல் பள்ளித் தவணை மீண்டும் ஜனவரிக்கு வந்துவிட்டது. ஜனவரி 12-ஆம் தேதி சிலாங்கூரில் பள்ளி திறந்தபோது தை பிறக்கவில்லை. தைக்குக் காத்திருந்தால் பிள்ளை புதுப் பள்ளியில் முதல் நாளைத் தவறவிடும்.

இதற்கு நம் குடும்பங்கள் ஒரு வழி வைத்திருக்கின்றன. கார்த்திகையிலேயே நல்ல நாள் பார்த்து, சாமி படம், உப்பு, மஞ்சள், அரிசியோடு போய்ப் பால் காய்ச்சிவிடுவார்கள். சாமான்கள் பிறகு வரும். "பாட்டி கையாலேயே பால் பொங்கட்டும்" என்றேன். மறுமுனையில் சிரிப்பு.

எனக்கு மார்கழியைவிட மழைதான் பயம். 2021 டிசம்பர் 18-இல் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதை மறக்க முடியுமா? கோலலங்காட்டும் கடலோர மாவட்டம்தான். முன்பணம் கொடுக்குமுன், அடைமழை விட்டதும் போய்த் தெருவைப் பாருங்கள். பக்கத்து வீட்டாரிடம் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். பிறப்புப் பத்திரம், பள்ளிக் கடிதமெல்லாம் லோரியில் வேண்டாம், காரில் உங்களோடு வரட்டும்.

குடியேறிய 30 நாளுக்குள் மைகார்ட் முகவரியை மாற்றிவிடுங்கள். வாக்காளர் முகவரி அதோடு தானாக மாறாது. தேர்தல் ஆணையத்திடம் தனியே விண்ணப்பிக்க வேண்டும். விட்டுவிட்டால், ஓட்டுப் போட சுங்கை சிப்புட்டுக்கே வண்டி எடுக்க வேண்டியதுதான்.