உடல் ஓர் அமானிதம்: முக்குளிக்கும் முதியோருக்குச் சில சொற்கள்



வேட்டை என்றதும் காடும் மலையுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் வல்ல நாயன் தன் திருமறையில் கடல் வேட்டையையும் குறிப்பிட்டு, அதனை நமக்கு ஆகுமாக்கியிருக்கின்றான் (5:96). மலையேறி வேட்டையாடுபவருக்கு முழங்கால் எவ்வளவு இன்றியமையாததோ, கடலடியில் இறங்குபவருக்குக் காதும் மூச்சும் இதயமும் அவ்வளவு இன்றியமையாதவை. வயது ஏறும்போது அவற்றை எவ்வாறு பேணுவது என்பதே இம்மாதச் சிந்தனை.

வைப்பாறு மன்னார் வளைகுடாவில் கலக்கும் இடத்தையொட்டி அமைந்த கீழவைப்பார், வேம்பார், தூத்துக்குடி, காயல்பட்டினம், கீழக்கரை என நீளும் இக்கரை, முத்தாலும் சங்காலும் பெயர் பெற்றது. பரதவரும் முஸ்லிம்களும் ஒரே கடலில் முக்குளித்து வாழ்ந்த கரை இது. குளிப்பவர் கல்லைப் பற்றிக்கொண்டு பாருக்கு இறங்குவார். படகில் நிற்பவர் கயிற்றைப் பிடித்திருப்பார். ஒருவர் உயிர் மற்றவர் கையில் இருந்தது. தூத்துக்குடியில் 1961க்குப் பின் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. சங்கு குளிக்கும் தொழிலோ இன்றும் பல இல்லங்களில் அடுப்பெரியச் செய்கின்றது.

கடலில் பத்து மீட்டர் இறங்கினால் உடலின் மீதான அழுத்தம் இருமடங்காகின்றது. மூச்சடக்கி இறங்குபவரின் நெஞ்சிலுள்ள காற்று பாதியளவாகச் சுருங்குகின்றது. முகம் நீரில் அமிழ்ந்ததும் இதயத் துடிப்பு தணிகின்றது. கை கால்களின் இரத்தக் குழாய்கள் குறுகி, இரத்த அழுத்தம் உயர்கின்றது. இளமையில் இதனைத் தாங்கிய உடல், இரத்தக் கொதிப்பு வந்த பின்னர் அதே போலத் தாங்குமென்று எண்ணலாகாது. உழைப்பைத் தாங்கும் மூச்சாற்றலும் முப்பது வயதுக்குப் பின் படிப்படியாகக் குறைகின்றது. பலவீனத்திலிருந்து பலத்தையும், பலத்திற்குப் பின் பலவீனத்தையும் நரையையும் இறைவனே அமைத்தான் என்று திருமறை (30:54) உணர்த்துகின்றதன்றோ!

ஆயினும் நரை வந்தவுடன் முடங்கிவிட வேண்டும் என்பதில்லை. கொரிய நாட்டின் ஜேஜு தீவில் ஹேன்யோ எனப்படும் பெண்கள், காற்றுக் கருவி ஏதுமின்றிப் பத்து மீட்டர் ஆழம் வரை சென்று சிப்பி எடுக்கின்றனர். அவர்களுள் எண்பது வயதைக் கடந்தோரும் உண்டு. 2016இல் யுனெஸ்கோ நிறுவனம் அவர்களது மரபை மானிடப் பண்பாட்டுச் செல்வமாகப் பதிவு செய்தது. அவர்கள் கூட்டமாகவே கடலுக்குச் செல்கின்றனர். திறமைக்கேற்பத் தங்களை மூன்று தரமாகப் பிரித்துக்கொள்கின்றனர். நாம் பெறவேண்டிய பாடம் இதுவே: துணையின்றி இறங்காதீர், நேற்றைய ஆழத்தை இன்றைய உடலிடம் கேளாதீர்.

இனி நாம் செய்யத்தக்கவை. கடலுக்குச் செல்லாத நாள்களிலும் விரைந்து நடப்பதை வழக்கமாக்குங்கள். ஃபஜ்ருத் தொழுகைக்குப் பள்ளிவாசல் வரை நடப்பது நன்மையோடு நலனையும் தரும். தசை கரையாதிருக்க மீனும் பருப்பும் முட்டையும் உணவில் இடம்பெறட்டும். பீடியையும் சிகரெட்டையும் அறவே விட்டொழியுங்கள். மூச்சை விற்றுப் பிழைப்பவர் மூச்சைப் புகைக்கலாமா? ஆண்டுக்கொரு முறையேனும் இரத்த அழுத்தம், சர்க்கரை, காது, இதயம் ஆகியவற்றைச் சோதித்துக்கொள்ளுங்கள். சளி பிடித்து, காது அடைத்திருக்கும் நாளில் இறங்காதீர்கள், செவிப்பறை கிழியக்கூடும். இறங்குமுன் வேக வேகமாகப் பலமுறை மூச்சிழுப்பதையும் தவிருங்கள். மூச்சுத் தவிப்பு தோன்றுமுன்னரே நினைவு தப்பி நீரில் மூழ்க அது வழி செய்யும்.

கம்ப்ரசர் குழாய் வழியே மூச்சு வாங்கி, நெடுநேரம் அடியில் தங்குவோருக்கு ஆபத்து இன்னும் பெரிது. காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்தில் கரைந்திருக்கும். விரைந்து மேலேறினால் அது குமிழிகளாகி மூட்டுகளிலும் தண்டுவடத்திலும் தங்கும். மூட்டுவலி, மரத்துப்போதல், கால் விளங்காமை ஆகியன இதன் அடையாளங்கள். அதனை வாயுப்பிடிப்பென்று எண்ணித் தைலம் தேய்த்துக் காலம் கடத்தாதீர்கள். உடனே மருத்துவமனைக்குச் சென்று, கடலடியிலிருந்து ஏறியதை மருத்துவரிடம் சொல்லுங்கள். உயிர்வாயுவும் அழுத்த அறைச் சிகிச்சையும் இதற்கு உண்டு, தாமதம் கேடு. எஞ்சின் புகை காற்றுக் குழாயில் கலந்தாலும் உயிருக்கு மோசமே. நோன்புக் காலத்தில் நீர் வற்றிய உடலுக்கு இவ்வாபத்து கூடுமாதலால், இயன்றவரை அம்மாதத்தில் கரைவேலையை நாடுவது நன்று.

இல்லத்தரசிகளுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. "இன்றைக்கு உடம்பு சரியில்லை" என்று வாப்பா சொல்லும்போது, அரிசிப் பானையைக் காட்டி அவரைக் கடலுக்கு அனுப்பாதீர்கள். கடனும் படகுக்காரரிடம் வாங்கிய முன்பணமுமே பல முதியவர்களை ஆழத்திற்குத் தள்ளுகின்றன. திருமணச் செலவைச் சுருக்கினால் ஒரு தந்தையின் ஆயுள் நீளக்கூடும் என்பதை நம் ஜமாஅத்துகள் எண்ணிப் பார்க்கட்டும். கடலடியை நன்கறிந்த முதியவர் படகில் அமர்ந்து கயிறு பிடிக்கலாம்; பார் இருக்குமிடத்தையும் நீரோட்டத்தையும் இளைஞருக்குக் கற்பிக்கலாம். அதற்கும் உரிய பங்கு கொடுத்தால், இறங்குவதை நிறுத்துவது அவருக்கு இழிவாகத் தோன்றாது.

உடலுக்கும் நம்மீது உரிமையுண்டு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். நம் கைகளாலேயே நம்மை அழிவில் போட்டுக்கொள்ளலாகாது என்று திருமறையும் (2:195) எச்சரிக்கின்றது. ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ். அதனைத் தேடும் உடலோ அவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதனைப் பேணிக் காக்கும் நல்லறிவை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.