இளம் கேட்சரை நிறுத்துப் பார்த்தல்

மட்டையைக் கையிலெடுத்தால் பந்தை வேலிக்கப்பால் அனுப்பிவிடுகிற ஓர் இளைஞன், முகமூடி அணிந்து ஹோம் பிளேட்டுக்குப் பின்னே குத்துக்காலிட்டு அமர்ந்தவுடன், பிடிக்க வேண்டிய பந்தைக் காலிடுக்கில் நழுவவிட்டுப் பின்சுவர் வரை உருள விடுகிறான். இவனைக் கேட்சராகவே வைத்திருப்பதா, முதல் பேஸுக்கு மாற்றிவிடுவதா, அல்லது இன்னும் இரண்டொரு வருஷம் கீழ்நிலை அணிகளில் பழக விடுவதா என்ற கேள்வி, பேஸ்பால் பயிற்றுவிக்கும் தொழிலில் இருப்பவர் எவருக்கும் ஆண்டுதோறும் எழுவதுதான். அதற்கு அவசரத்திலும், கண்ணுக்குப் பட்ட தோஷங்களை மட்டும் ஆதாரமாகக் கொண்டும் விடை சொல்லப்படுகிறது என்பது நமது அபிப்பிராயம். ஓர் இளைஞனுடைய தொழில் வாழ்வு முழுவதையும் நிர்ணயிக்கக்கூடிய தீர்ப்பு இதுவாகையால், இவ்விதழில் அதைச் சற்று விரிவாகவே ஆராய விரும்புகிறோம்.

இந்தத் தலைமுறையில் இவ்வழக்கு மிகவும் பகிரங்கமாக நடந்தது நியூயார்க் யாங்கீஸ் அணியின் கேரி சான்செஸ் விஷயத்தில். டொமினிகன் குடியரசிலிருந்து பதினாறு வயதில் ஒப்பந்தமாகி வந்த அவர், 2016-இல் 53 ஆட்டங்களில் 20 ஹோம் ரன் அடித்து நாட்டையே தம் பக்கம் திரும்ப வைத்தார். மறு வருஷம் 33 அடித்தார். அதே 2017-இல் அவர் கையிலிருந்து 16 பாஸ்டு பால்கள் நழுவின. ஆகஸ்டில் மானேஜர் ஜோ ஜிரார்டி அவருடைய தடுப்பைப் பற்றிப் பலரறியக் குறை கூறி, அவரை வெளியே உட்கார வைத்ததும் நடந்தது. 2018-இலோ மட்டைச் சராசரி 0.186 ஆகச் சரிந்தது. காயங்களால் பல வாரங்களை இழந்த அந்த வருஷத்திலும் பாஸ்டு பால்கள் 18 ஆயின.

அவ்வாண்டு ஜூலை 23-ஆம் தேதி டாம்பா பே அணியுடன் நடந்த ஆட்டம் அநேகருக்கு நினைவிருக்கும். முதல் இன்னிங்ஸில் இரண்டாம் பேஸில் ஜேக் பாவர்ஸ் நிற்க, லூயிஸ் செவரீனோ வீசிய பந்து, சைகையில் இருவருக்கும் ஒத்துப்போகாமல் வந்ததுபோல், சான்செஸிடமிருந்து தெறித்து விலகிற்று. அவர் விரைவின்றி அதன் பின்னே சென்று எடுப்பதற்குள் பாவர்ஸ் மூன்றாம் பேஸையும் கடந்து வந்து ஹோம் பிளேட்டைத் தொட்டுவிட்டார். ஒன்பதாம் இன்னிங்ஸிலே 7-6 என்று ஒரு ரன் பின்தங்கி, எல்லாப் பேஸ்களிலும் ஆள் நிற்க, இருவர் அவுட்டாகியிருந்த நிலையில், சான்செஸ் தரையோடு அடித்த பந்தை எதிரணியார் முதலில் இரண்டாம் பேஸுக்கு எறிந்தும் அங்கே ஆளை வீழ்த்த முடியவில்லை. ஆயினும் சான்செஸ் முழுவேகத்தில் ஓடாமையால் அங்கிருந்து முதல் பேஸுக்கு எறிந்து அவரை அவுட்டாக்க அவகாசம் இருந்தது. ஆட்டம் தோற்றது, சோம்பேறி என்ற பெயர் அன்றிரவே நிலைத்துவிட்டது. மறுநாள் அவர் தொடையிடுக்குத் தசைக் காயத்துக்காகக் காயமடைந்தோர் பட்டியலில் சேர்க்கப்பட்டார். சில நாட்களுக்கு முன்புதான் அதே காயத்திலிருந்து திரும்பி வந்திருந்தார்.

சைகை பொருந்தாமை என்பது பிட்சரும் கேட்சரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டிய குற்றம். காயத்துடன் ஆடியது அவரும் அணியும் சேர்ந்து பொறுப்பேற்க வேண்டியது. தெறித்த பந்தின் பின்னே ஓடாதது மட்டுமே முழுக்க அவருடையது. இம்மூன்றும் கணக்குப் புத்தகத்தில் ஒரே அடையாளமாக, ஒரு பாஸ்டு பாலாக, பதிவாகிவிட்டன. அந்த அடையாளங்களைக் கூட்டிப் பார்த்து ஒருவனுடைய யோக்கியதையை முடிவு செய்கிற பழக்கத்தைத்தான் நாம் ஆட்சேபிக்கிறோம்.

முதலில் நஷ்டத்தை ரன்னாக மாற்றிப் பார்ப்போம். பாஸ்டு பால் ஒன்று எதிரணிக்குச் சராசரியாகக் கால் ரன் அளவுக்கு லாபம் தருகிறது. 18 என்றால் ஏறக்குறைய ஐந்து ரன். நல்ல கைகளையுடைய கேட்சரும் அதே காலத்தில் மூன்று நான்கு முறையாவது தவறவிடுவார் ஆகையால் மிகுதியான நஷ்டம் நான்கு ரன்னை ஒட்டியே நிற்கும். வைல்ட் பிட்ச் என்று பிட்சர் பெயரில் எழுதப்படுவனவற்றிலும் கேட்சருக்குப் பங்கு உண்டு என்று கொண்டு அதை இரட்டித்தாலும், பத்து ரன் ஒரு வெற்றிக்குச் சமம் என்ற நாமெல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுகோலின்படி, அரங்கமே எழுந்து கூச்சலிட்ட குற்றங்களெல்லாம் சேர்ந்து ஒரு முழு வெற்றியை விழுங்கவில்லை. 1941-ஆம் வருஷத்து உலகத் தொடரில், நான்காம் ஆட்டத்தின் ஒன்பதாம் இன்னிங்ஸில், மூன்றாவது ஸ்ட்ரைக்கை மிக்கி ஓவன் நழுவவிட்டதால் டாமி ஹென்ரிச் பிழைத்து, 4-3 என்று முன்னணியில் இருந்த புரூக்ளின் 7-4 என்று தோற்றது. அவ்வாண்டு ஆல்-ஸ்டார் அணியில் இடம்பெற்ற திறமைசாலியான கேட்சர் ஓவன். ஆயினும் அந்த ஒரு பந்துக்காகவே இன்றுவரை பெயர் சொல்லப்படுகிறார். இக்குற்றம் மனத்தில் பதிகிற ஆழம் வேறு, அதனால் விளையும் நஷ்டம் வேறு.

கண்ணுக்குத் தெரியாத நஷ்டத்தின் கதை இதற்கு நேர்மாறானது. ஓர் ஆட்டத்தில் ஓர் அணி வீசும் சுமார் நூற்றைம்பது பந்துகளில் மட்டையாளர் தொடாமல் விடுகிற, ஸ்ட்ரைக் எல்லையின் ஓரத்தில் வந்து விழுகிற பந்துகள் பல. அவற்றை ஏந்தும்போது கையுறை சலனமின்றி நின்றால் ஸ்ட்ரைக். முழங்கால் உயரத்துப் பந்தோடு கையுறையும் தரையை நோக்கித் தாழ்ந்தால் பால். அப்படி மாறும் ஒவ்வொரு தீர்ப்புக்கும் ஒரு ரன்னில் எட்டில் ஒரு பங்கு பெறுமானம் உண்டு. ஆகவே இரண்டு ஸ்ட்ரைக்குகளை இழப்பது ஒரு பாஸ்டு பாலுக்குச் சமம், ஆனால் அதற்காக எந்த அரங்கிலும் எவரும் கூச்சலிடுவதில்லை. 2008 முதல் எல்லா மைதானங்களிலும் பந்தின் பாதையைப் பதிவு செய்யும் கருவிகள் வந்தபின்னர், 2011-இல் மைக் ஃபாஸ்ட் என்பவர் இதைக் கணக்கிட்டு வெளியிட்ட கட்டுரை நம் தொழிலின் போக்கையே மாற்றியது. மட்டையில் பலவீனரும் முப்பத்தாறு வயதினருமான ஹோசே மொலீனாவை அவ்வாண்டின் இறுதியில் டாம்பா பே விரும்பி அழைத்துக்கொண்டது. மட்டையாளர் என்ற முறையில் மதிக்கப்பட்ட ரயன் டூமிட்டோ, ஏந்தும் கலையில் கடைநிலைக்காரராகக் கணிக்கப்பட்டார்.

இதோடு இன்னொரு நஷ்டமும் சேரும். அதற்கு இன்றும் திருப்தியான கணக்கு இல்லை. மூன்றாம் பேஸில் ஆள் நிற்கும்போது, தன் கேட்சரை நம்பாத பிட்சர் தன்னுடைய சிறந்த ஸ்லைடரைத் தரையை நோக்கி வீசத் தயங்கி அதைச் சற்று உயரத்தில் விடுகிறான். அந்தப் பந்து அடிபட்டால் குற்றம் பிட்சர் பெயரிலேயே எழுதப்படுகிறது. பயிற்சியாளர் இதை எண்களில் தேடாமல், அந்தச் சந்தர்ப்பங்களில் பிட்சர் தலையசைத்து எந்தச் சைகையை மறுக்கிறான் என்பதைப் பார்த்தே அறிய வேண்டும்.

சரி, குறை உண்மையானதே என்று வைத்துக்கொண்டு இளைஞனை முதல் பேஸுக்கு மாற்றினால் என்ன ஆகும்? இங்கேதான் அநேகர் கணக்கைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். ஸ்தான வித்தியாசத்துக்காக ஒரு முழு வருஷத்துக்குக் கேட்சருக்குப் பன்னிரண்டரை ரன் கூட்டியும், முதல் பேஸ்காரருக்கு அதே பன்னிரண்டரையைக் கழித்தும், மட்டை மட்டும் பிடிப்பவருக்குப் பதினேழரை கழித்தும் கணக்கிடுவது வழக்கம். ஆகவே முதல் பேஸுக்கு நகரும் அந்த நடையிலேயே இளைஞன் 25 ரன்னை, அதாவது இரண்டரை வெற்றிகளை, கீழே வைத்துவிட்டுப் போகிறான். கேட்சர் வருஷம் முழுவதும் ஆட இயலாதவர் என்பதையும், குந்தி எழும் சிரமம் நீங்கினால் மட்டை சற்றுச் செழிக்கும் என்பதையும், அதிக ஆட்டங்களில் மட்டை பிடிக்கலாம் என்பதையும் கழித்துப் பார்த்தால் அந்த இடைவெளி குறுகலாம், மறைந்துவிடாது. கேட்சர் என்ற ஸ்தானத்தில் அபூர்வமாயிருக்கும் மட்டை, முதல் பேஸில் பத்தோடு பதினொன்றாகிவிடுகிறது. ஹெஸூஸ் மொன்டேரோவுக்கு நேர்ந்தது அதுவே. 2011 செப்டம்பரில் 18 ஆட்டங்களில் 0.328 சராசரியுடன் பிரகாசித்து, மறு ஜனவரியில் மைக்கேல் பினேடாவுக்கு மாற்றாக சியாட்டிலுக்குச் சென்ற அவர், கேட்சராக நிலைக்கவுமில்லை. வேறு ஸ்தானத்தைச் சுமக்கும் அளவுக்கு அவர் மட்டை வளரவுமில்லை.

ஆகையால் நாம் கேட்க விரும்புவது ஒன்றே: குறை உடம்பைச் சேர்ந்ததா, பழக்கத்தைச் சேர்ந்ததா? தரையில் குத்திவரும் பந்தைப் பிடிக்க எத்தனிக்காமல், முழங்கால்களை மண்ணில் இறக்கி, இடைவெளியைக் கையுறையால் அடைத்து, முகவாயை மார்போடு ஒட்டி, பந்து மார்பில் பட்டுத் தனக்கு முன்னேயே விழும்படி மறிப்பது அப்பியாசத்தால் வரும். எறிவதிலும், பந்தைக் கையுறையிலிருந்து கைக்கு மாற்றும் வேகமும் காலடி வைப்பும் கற்பிக்கக்கூடியவை. இரண்டாம் பேஸ் வரையுள்ள 127 அடியை இரண்டு விநாடிக்குள் எட்ட வேண்டிய இவ்வேலையில், கை பலவீனமான ஒருவனும் இவற்றால் சிறிது ஈடுகட்டிக்கொள்ளலாம். ஆனால் இடுப்பு இறங்க மறுக்கும் சரீரத்தையும், எறியும் தோளின் இயற்கைப் பலமின்மையையும் எந்தப் பயிற்சியும் முற்றிலும் மாற்றாது. சான்செஸின் தோள் பலம் வாய்ந்தது. எறிவதில் அவரைக் குறை கூறியவர் குறைவு. குறை முழுவதும் கைகளிலும் அமர்விலும் இருந்தது. அப்படிப்பட்டவனுக்கே அவகாசம் தரவேண்டும் என்பது நம் திடமான கருத்து.

மைக் பியாட்ஸாவின் சரித்திரம் அந்த அவகாசத்துக்கு நியாயம் காட்டுகிறது. 1988-இல் 62-ஆம் சுற்றில், டாமி லசோர்டாவுக்காகச் செய்த உபகாரமாக டாட்ஜர்ஸ் அணியால் எடுத்துக்கொள்ளப்பட்ட அவர், முதல் பேஸ்காரராக இருந்து கேட்சராக்கப்பட்டவர். அத்தொழிலைப் பழக, அணி டொமினிகன் குடியரசில் நடத்திய பயிற்சிக்கூடத்துக்குத் தாமாகவே சென்றார். 1993-இல் 0.318 சராசரி, 35 ஹோம் ரன். பேஸ் திருட முயன்றவர்களில் நான்கில் ஒரு பங்கினரைக்கூட அவர் தம் வாழ்நாளில் வீழ்த்தவில்லை என்பது மெய். அதை வைத்தே மோசமான கேட்சர் என்ற பேச்சும் நிலவியது. ஆனால் 1995-இல் ராமோன் மார்ட்டினெஸும், 1996-இல் டென்வரின் மெல்லிய காற்றில் ஹிடேயோ நோமோவும் எதிரணிக்கு ஒரு ஹிட்டும் தராமல் வீசியபோது பந்தை ஏந்தியவர் அவரே. பழைய பதிவுகளைப் பின்னாளில் ஆராய்ந்தவர்கள், ஏந்துவதிலும் மறிப்பதிலும் அவர் சராசரிக்கு மேம்பட்டவர் என்று கண்டார்கள். 2004-இல் முதல் பேஸுக்கு மாற்றிப் பார்த்தபோது அங்கே அவர் தடுமாறினார். மறு வருஷமே ஹோம் பிளேட்டுக்குத் திரும்பினார். கேட்சராக இருந்து அவர் அடித்த ஹோம் ரன்கள் 396. 2016-இல் கீர்த்தி மண்டபத்தில் இடம்பெற்றார்.

மாற்றுவதே சரியாகும் சந்தர்ப்பங்களும் உண்டு. கிரெய்க் பிஜியோவின் கால்களில் இருந்த வேகம் குந்துவதில் வீணாகக் கூடாதென்று ஹூஸ்டன் அணி 1992-இல் அவரை இரண்டாம் பேஸுக்கு மாற்றியது. 3060 ஹிட்கள் அதற்குச் சாட்சி. பள்ளியில் கேட்சராயிருந்த பிரைஸ் ஹார்ப்பரை 2010-இல் முதல் ஆளாகத் தேர்ந்த வாஷிங்டன், வெளிக்களத்தில் நிறுத்தியதால் 19 வயதிலேயே அவர் மட்டையை மேல்நிலைக்குக் கொண்டுவர முடிந்தது. இவ்விருவரும் குற்றத்துக்காக மாற்றப்பட்டவர்களல்லர். வேறொன்றைக் காப்பாற்ற மாற்றப்பட்டவர்கள். இந்தப் பேதம் இளைஞன் காதில் விழும்படி சொல்லப்பட வேண்டும். தண்டனையாக மாற்றப்பட்டவன் புதிய ஸ்தானத்திலும் தலைகுனிந்தே நிற்பான்.

சான்செஸுக்கு யாங்கீஸ் அணி அவகாசம் தரவில்லை என்று சொல்ல முடியாது. 2019-இல் 34 ஹோம் ரன் அடித்தார். 2020-இல் புதிதாக வந்த பயிற்சியாளர் டானர் ஸ்வான்சனிடம், தாழ்ந்த பந்துகளை ஸ்ட்ரைக்காக ஏந்துவதற்கு ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றும் அமர்வைக் கற்றார். அவ்வாண்டு மட்டைச் சராசரி 0.147, இறுதிப் போட்டிகளில் கைல் ஹிகாஷியோகா அவர் இடத்தைப் பெற்றார், 2022 மார்ச்சில் மினசோட்டாவுக்கு மாற்றப்பட்டார். அவரைக் கேட்சர் ஸ்தானத்திலிருந்து இறக்கியது, எல்லோரும் ஏசிய கையுறை அல்ல, தளர்ந்துபோன மட்டையே. வருஷக்கணக்காக மறிப்பைப் பற்றியே பேசியவர்கள், அந்த மட்டையில் உண்டான தளர்ச்சியைக் காலத்தில் கவனித்துப் பரிகாரம் தேடியிருக்க வேண்டும்.

இத்தனையும் சொன்னபின், நிறுக்கும் எடைக்கற்களே மாறிவருகின்றன என்பதையும் நினைவூட்டுகிறோம். 2023-இல் பேஸ்கள் பெரிதாக்கப்பட்டு, பிட்சர் ஆளைத் தடுக்க எறியும் முறைகளுக்கு வரம்பு விதிக்கப்பட்டபின், திருட்டுகள் 2486-இலிருந்து 3503-ஆக உயர்ந்தன. பலவீனமான தோளின் விலை அதனால் ஏறிவிட்டது. 2026 முதல், அம்பயர் தீர்ப்பை எதிர்த்துக் கருவியிடம் முறையிடும் உரிமை மேல்நிலை ஆட்டங்களுக்கும் வருவதால், சலனமற்ற கையுறையின் மதிப்பு ஓரளவு இறங்கும். அவ்வுரிமை மட்டையாளர், பிட்சர், கேட்சர் ஆகிய மூவருக்கே உரியது. தொடக்கத்தில் ஓர் அணிக்கு இரண்டு முறையீடுகள்தாம். அவற்றை எப்போது பிரயோகிப்பது என்றறியும் கண், எல்லையை மிக அருகிலிருந்து பார்க்கும் கேட்சருக்கே வாய்க்கக்கூடியது. தேர்வாளர்கள் தங்கள் அறிக்கைகளில் இதற்கென்று தனியே ஒரு பத்தி திறந்து, எந்த இளைஞன் எந்த உயரத்துப் பந்துக்கு முறையிட்டு வென்றான், எதில் தோற்றான், கேட்க வேண்டியிருந்தும் எதை விட்டான் என்று ஆட்டந்தோறும் குறித்துவரக் கேட்டுக்கொள்கிறோம்.