சேவற்கொண்டையும் தோள்வலியும்

பரணிலிருந்து ஒரு பாத்திரத்தை இறக்க இயலவில்லை. ஒருக்களித்துப் படுத்தால் நள்ளிரவில் வலி எழுப்பிவிடுகிறது. ஐம்பதைக் கடந்தோர் பலர் இதனை வாயு என்று கருதித் தைலம் தேய்த்தே காலங் கழிப்பர். பெரும்பாலும் காரணம் வாயு அன்று. தோள்மூட்டைச் சுற்றியுள்ள நான்கு தசைகளை எலும்போடு பிணைக்கும் நாண்கள் நைந்து போவதே காரணம். அவற்றுள் மேலே அமைந்த நாணே அடிக்கடி பழுதுறுவது.

இதற்கு 'ஹையலூரானிக் அமிலம்' என்னும் ஊசியை இந்நாளில் சில மருத்துவர் பரிந்துரைக்கின்றனர். அமிலம் என்றதும் அஞ்ச வேண்டா. நம் மூட்டு நீரில் இயற்கையாகவே உள்ள வழுவழுப்பான பொருள்தான் அது. 1934-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயர், ஜான் பால்மர் என்னும் இருவர் மாட்டுக் கண்ணிலிருந்து அதனைப் பிரித்தெடுத்தனர். கண்ணாடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயரும் இட்டனர். பின்னாளில் சேவலின் கொண்டையிலிருந்து எடுத்தார்கள். (கறிக்கடையில் வீசியெறியும் கொண்டைக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்!) இப்பொழுது நுண்ணுயிர்களைக் கொண்டும் ஆக்குகின்றனர்.

1997-இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் முழங்கால் மூட்டுத் தேய்வுக்கு இவ்வூசியை ஏற்றது. தோளுக்கு அவ்வாறு ஏற்கவில்லை. தோள்வலியுற்ற 159 பேரிடம் நெதர்லாந்தில் நடத்தி 2012-இல் வெளியிட்ட ஆய்வில், மருந்தற்ற போலி ஊசியைக் காட்டிலும் இதனால் தெளிவான நன்மை காணப்படவில்லை. வேறு சில ஆய்வுகளில் வலி ஓரளவு தணிந்ததும் உண்மையே. ஸ்டீராய்டு ஊசியோ சில வாரங்களுக்கு வலியைத் தணிக்கும்; ஆனால் அடிக்கடி போட்டால் நாண் வலுவிழக்கும், நீரிழிவுள்ளோர்க்குச் சர்க்கரையும் ஏறும். அவ்விரு தொல்லைகளும் இதில் இல்லை என்பதே இதற்குள்ள சிறப்பு.

நகையை அடகு வைத்தாகிலும் இதனைப் போட்டுக்கொள்ள முனைவோர்க்கு நாம் கூறுவது இது: அறுந்த நாணை இவ்வூசி ஒட்டவைக்காது. முதல் மருத்துவம் பயிற்சியே. முன்னே குனிந்து, கையைத் தொங்கவிட்டு மெல்ல ஊசலாட்டுதல், விரல்களால் சுவரில் படிப்படியாக ஏறுதல் ஆகியவற்றில் தொடங்கி, பயிற்சியாளர் காட்டும் வலுவூட்டும் பயிற்சிகளை மூன்று திங்களேனும் விடாது செய்தல் வேண்டும். காசு செலவில்லை என்பதாலோ என்னவோ, இதனை மதிப்போர் சிலரே!

கீழே விழுந்தபின் கையை அறவே தூக்க இயலாவிடினும், ஊசி போட்ட இடம் சிவந்து காய்ச்சல் கண்டாலும் அன்றே மருத்துவரிடம் செல்க.