பெட்ரோல் பங்க் போர்டும் சட்டைப்பை செல்போனும்

போன வாரம் உத்தமபாளையம் ரோட்டில் ஒரு பங்க்கில் வண்டிக்குப் பெட்ரோல் போட நின்றேன். தலைக்கு மேலே சிவப்பு எழுத்தில் 'செல்போன் பயன்படுத்தாதீர்' என்று போர்டு. அதற்கு நேர் கீழே, பெட்ரோல் போடும் மெஷினிலேயே, பணம் அனுப்புகிற க்யூஆர் ஸ்டிக்கர். பையன் மூடியைத் திறந்துகொண்டே, "தாத்தா, ஸ்கேன் பண்ணுங்க" என்றான். எனக்குப் பின்னால் நின்றவருக்கும் என் வயதுதான் இருக்கும். போர்டைக் காட்டி அவனைச் சத்தம் போட்டார். பையன் கோபப்படவில்லை, சிரித்தான். "அதெல்லாம் சும்மா எழுதிப் போட்டிருக்குய்யா."

வீடு வந்து சேரும்வரை அந்தச் 'சும்மா' என் காதிலேயே இருந்தது.

பையன் சொன்னது முக்கால்வாசி உண்மை என்பதை முதலில் ஒப்புக்கொண்டு விடுகிறேன். செல்போன் அலையால் பங்க் தீப்பிடித்தது என்று வாட்ஸ்அப்பில் வருகிற வீடியோக்களை நம் ஓய்வூதியர் குழுவில் வாரம் ஒருவர் போடுகிறார். அமெரிக்காவில் பெட்ரோலியம் எக்யூப்மென்ட் இன்ஸ்டிட்யூட் என்ற அமைப்பு, பெட்ரோல் போடும்போது பிடித்த நூற்றுக்கும் மேற்பட்ட தீயைப் பற்றிய தகவல்களைத் திரட்டிப் பார்த்தது. செல்போனால் பிடித்தது என்று உறுதியான ஒன்றுகூட அதில் இல்லை. பெரும்பாலும் நிலைமின்சாரம்தான் காரணம். கார் சீட்டில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டு இறங்கினால் உடம்பில் ஆயிரக்கணக்கான வோல்ட் ஏறிவிடும். அந்தக் கையோடு நாஸிலைத் தொட்டால் ஒரு பொறி. பெட்ரோல் ஆவிக்கு அது போதும்.

அப்படியானால் நம் ஊர் பங்க்கில் பயப்பட வேண்டியது எதற்கு? பிளாஸ்டிக் கேனுக்கு. திராட்சைத் தோட்டத்து ஸ்பிரேயருக்கும் களை வெட்டும் மெஷினுக்கும் பெட்ரோல் வாங்க, வண்டியின் முன்னால் கேனை வைத்தபடியே பிடிக்கிறார்கள். பிளாஸ்டிக்கில் ஏறிய மின்சாரம் இறங்க வழி கிடையாது. கேனைத் தரையில் இறக்கி வைத்து, நாஸில் கேன் வாயைத் தொட்டபடி மெதுவாகப் பிடிக்க வேண்டும்; பெட்ரோலுக்கென்றே செய்த கேனாக இருக்க வேண்டும். இதற்கு ஒரு போர்டும் இல்லை. பின்னால் நின்று சத்தம் போட்ட பெரியவர் வண்டியிலும் ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேன் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

போர்டு வைத்தவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. பெட்ரோல் ஆவி நிற்கிற இடத்துக்கு என்று சோதித்துச் சான்று கொடுத்த கருவிகள் தனி. நம் சட்டைப்பையில் இருப்பது அந்த வகை கிடையாது. பேசிக்கொண்டே பெட்ரோல் போட்டால் கவனமும் சிதறும். சரி, அப்படியானால் ஸ்டிக்கரை எட்டி, ஆபீஸ் அறைச் சுவரில் ஒட்டுங்கள். தடை செய்கிறவனே கையில் எடு என்று சொன்னால், பார்க்கிற பிள்ளை என்ன படிக்கும்? எழுதிப் போட்டிருப்பதெல்லாம் சும்மா என்றுதான் படிக்கும்.

என் கோபம் பங்க்கைப் பற்றியது மட்டும் இல்லை.

முப்பத்திரண்டு வருடம் நூற்பாலை மின்பிரிவில் வேலை பார்த்தவன் நான். ஆலையின் பெயர் வேண்டாம். அங்கே 22,000 வோல்ட் யார்டில் ஒரு ஆள் கை வைக்க வேண்டும் என்றால் முதலில் லைன் கிளியர் எடுக்க வேண்டும். எல்.சி. என்போம். அதற்கு ஒரு நோட்டு. எந்த லைன், எத்தனை மணிக்கு நிறுத்தியது, யார் உள்ளே போகிறார்கள் என்று எழுதிக் கையெழுத்து. ஐசோலேட்டரைத் திறந்து பூட்டி, சாவி உள்ளே போகிறவன் இடுப்பில். 'ஆள் வேலை செய்கிறார்' என்று அட்டை. பிறகு எர்த் ராடு. வேலை முடிந்ததும் அவனே நடந்து வந்து, நோட்டில் கையெழுத்துப் போட்டுச் சாவியைக் கொடுத்தால்தான் சப்ளை. அவன் முகத்தைப் பார்க்காமல் சுவிட்சில் கை வைக்கக் கூடாது என்பது எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் போட்ட விதி.

செல்போன் எல்லார் கைக்கும் வந்தது. யார்டுக்கும் பேனல் அறைக்கும் முந்நூறு அடி தூரம். அதை நடப்பதற்கு எங்களுக்குச் சோம்பல் வந்தது. முதலில் "நோட்டை அப்புறம் எழுதிக்கலாம்" என்றார்கள். பிறகு சாவி ஆணியிலேயே தொங்க ஆரம்பித்தது. எர்த் ராடு "அஞ்சு நிமிஷ வேலைக்கு எதுக்கு" என்று மூலைக்குப் போனது. யாரும் உத்தரவு போட்டு நிறுத்தவில்லை, தானாக நின்றது.

ஒரு மத்தியானம் ஷிப்டு நிற்கிறது என்று மேலிருந்து நெருக்கினார்கள். நான் யார்டில் இருந்த தம்பிக்குப் போன் போட்டேன். பக்கத்தில் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. "முடிஞ்சுதாப்பா?" என்றேன். அவன் "முடியலண்ணே" என்றான். எனக்கு "முடிஞ்சதுண்ணே" என்று கேட்டது. சுவிட்சைப் போட்டது நான்தான்.

உயிர் பிழைத்தான். வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. விசாரணையில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதினார்கள். நான் அதில் கையெழுத்துப் போட்டேன். இதை இத்தனை வருடம் எங்கும் எழுதியதில்லை. செல்போன் ஆபத்தா, இல்லையா என்று நம் குழுவில் வாக்குவாதம் நடக்கும்போதெல்லாம் நான் வாயைத் திறக்காததற்குக் காரணம் இதுதான்.

ஆக, அன்று அந்த போனிலிருந்து ஒரு பொறியும் வரவில்லை. எங்கள் நோட்டு, சாவி, ராடு மூன்றையும் அது தின்றது. ஆபத்தான இடத்தில் செல்போன் செய்கிற பெரிய கெடுதல் இந்த வகைதான். பெட்ரோல் ஆவியைப் பார்த்துப் பயப்படுகிற அளவுக்கு இதற்கு யாரும் பயப்படுவதில்லை. ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலையில் வேலை பார்க்கிற உறவுக்காரப் பையனிடம் போன மாதம் கேட்டேன், இப்போது எல்.சி. எப்படி என்று. சில இடத்தில் வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரல் படம் போட்டால் போதுமாம். கட்டைவிரல்! எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அலையால் கருவிகள் தடுமாறுவதே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். பழைய செல்போனை ரேடியோ பக்கத்தில் வைத்தால் அழைப்பு வருவதற்கு முன்னாடியே ஸ்பீக்கர் 'டிக்டிக்டிக்' என்று அடிக்குமே, ஞாபகம் இருக்கிறதா? எங்கள் தொழிலில், ரிலே பேனல் கதவு திறந்திருக்கும்போது பக்கத்தில் நின்று வாக்கிடாக்கியை அழுத்தினால் பிரேக்கர் விழக்கூடும் என்று எச்சரிக்கை உண்டு. இதெல்லாம் தூரத்தைப் பொறுத்தது. ஒரு அடியில் தொந்தரவு செய்வது, நான்கைந்து அடி தள்ளினால் பெரும்பாலும் செய்யாது.

அதனால்தான் நம் வயதுக்காரர்களின் இடது சட்டைப்பையைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது. பேஸ்மேக்கரைப் பெரும்பாலும் இடது தோள் எலும்புக்குக் கீழேதான் வைக்கிறார்கள். பங்க்கில் போர்டைக் காட்டுகிற அதே ஆள், பேஸ்மேக்கருக்கு மேலேயே போனைச் செருகிக்கொண்டு கம்பம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார். புதுப் போன்கள் சிலவற்றில் சார்ஜ் ஏற்றுவதற்காகக் காந்தம் வைத்திருக்கிறார்கள். பேஸ்மேக்கரைச் சோதிக்க டாக்டர்கள் பயன்படுத்துவதும் காந்தம்தான். அருகில் வந்தால் அது சோதனை நிலைக்குப் போய் ஒரே வேகத்தில் அடிக்கத் தொடங்கலாம். அதிர்ச்சி கொடுத்து உயிரைக் காக்கிற டிஃபிப்ரிலேட்டர் வகை என்றால், அதிர்ச்சி கொடுப்பதை நிறுத்தி வைத்துவிடலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2021-இல் ஆறு அங்குலமாவது தள்ளி வைக்கச் சொன்னது. ஆறு அங்குலம் என்பது நம் கையால் அரைச் சாண் மட்டும் இல்லை, முக்கால் சாண். வேட்டி மடிப்பில் வையுங்கள், பேசும்போது வலது காதில் வையுங்கள். டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருப்பார். நாம்தான் 'சும்மா' என்று விட்டிருப்போம்.

கேஸ் கசிந்தால் செய்கிற தப்பும் இதே ரகம். மூக்கில் நாற்றம் ஏறியதும் சமையலறையில் நின்றபடியே மகனுக்குப் போன் போடுகிறார்கள். "லைட்டைப் போட்டுப் பாரும்மா" என்று மகன் சென்னையிலிருந்து சொல்கிறான். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு படுத்திருக்கும். சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது, சார்ஜரைப் பிடுங்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, தெருவுக்கு வந்த பிறகு 1906-க்கு அடியுங்கள். மகனிடம் அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம்.

நேற்று மறுபடி அந்தப் பங்க்குக்குப் போனேன். முதலாளி தெரிந்தவர்தான். ஸ்டிக்கரை உள்ளே மாற்றுங்கள், கேனைத் தரையில் வைக்கச் சொல்லி ஒரு போர்டு போடுங்கள், செலவை நான் தருகிறேன் என்றேன். டீ வாங்கிக் கொடுத்தார். "போர்டெல்லாம் கம்பெனி வைக்கிறது சார், நம்ம கையில இல்ல" என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் மடியில் கேனை வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து போய் அதை வாங்கித் தரையில் வைத்தேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.