மீந்ததைக் காக்கும் வேளை



சோற்றை மிதிக்கலாகாது, உணவைக் கொட்டலாகாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்ப்பது நம் இல்லங்களின் நல்வழக்கம். உழுதவனின் வியர்வையும் சமைத்தவளின் உழைப்பும் கலந்த பொருளைக் குப்பையில் எறிய நமக்கு மனம் ஒப்புவதில்லை. இவ்வழக்கத்தை நாம் குறைகூற வரவில்லை. ஆனால் மீந்த உணவைக் காப்பதற்கென்று ஒரு வேளை உண்டு. அவ்வேளை தவறிய பின்னர் அதைக் காக்க முயல்வது சிக்கனம் ஆகாது, ஆபத்தாகவே முடியும். இதனை இம்மாதம் சற்று விரிவாகப் பேச விரும்புகிறோம்.

அண்மை ஆண்டுகளில் நம் வீட்டுச் சமையலறைகளில் பாஸ்தா என்னும் இத்தாலிய உணவும் இடம் பிடித்துவிட்டது. ரவை போல் அரைத்த கோதுமையைப் பிசைந்து, குழலாகவும் நூலாகவும் சங்காகவும் செய்து உலர்த்திய பண்டம் இது. மக்ரோனி, ஸ்பகெட்டி என்பன அதன் வகைகள். பிள்ளைகள் விரும்புகின்றனர் என்று தாய்மார் ஒரு பொட்டலம் முழுவதையும் வேகவைத்துவிடுகின்றனர், பாதி மீந்துவிடுகிறது. உலர்ந்திருக்கும்வரை மாதக்கணக்கில் கெடாதிருந்த இப்பண்டம், வெந்து நீரை உறிஞ்சிய பின்னர் சோற்றைப் போலவே எளிதில் கெடும் தன்மையை அடைகிறது. இதனைப் பலர் அறியார்.

பெல்ஜியம் நாட்டில் 2003ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். ஒரு குடும்பத்தில் வெள்ளிக்கிழமை பாஸ்தாவைக் கொண்டு ஒரு கலவை உணவு தயாரித்தனர். சனிக்கிழமை உல்லாசப் பயணத்திற்கு அதை எடுத்துச் சென்றனர். மீந்ததைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, திங்கட்கிழமை மாலை பிள்ளைகளுக்குப் பரிமாறினர். உண்ட ஐந்து பிள்ளைகளும் நோயுற்றனர். அவர்களுள் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி ஈரல் செயலிழந்து இறந்தாள். பின்னர் ஆராய்ந்தபோது, அக்குளிர்சாதனப் பெட்டியினுள் 14 டிகிரி வெப்பம் இருந்தது தெரியவந்தது. உணவைப் பெட்டியில் வைத்துவிட்டோம் என்ற நம்பிக்கை அவ்வீட்டில் இருந்தது; போதிய குளிர்ச்சியோ பெட்டியில் இல்லை.

அதே நாட்டில் 2008ஆம் ஆண்டு அக்டோபரில், இருபது வயது மாணவர் ஒருவர், ஐந்து நாள்களுக்கு முன் வேகவைத்துச் சமையலறையிலேயே வெளியில் விடப்பட்டிருந்த ஸ்பகெட்டியைத் தக்காளிச் சாற்றுடன் சூடாக்கி உண்டார். அன்றிரவே உறக்கத்தில் அவர் உயிர் பிரிந்தது. சூடாக்கி உண்டும் அவர் தப்பவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இது ஏன் என்று கேட்பீர்கள். பாசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிர் மண்ணில் வாழ்வது. ஆகவே நெல்லிலும் கோதுமையிலும் பருப்பிலும் இயல்பாகவே ஒட்டிக்கொண்டிருக்கும். இது தன்னைச் சுற்றிக் கடினமான உறை அமைத்து, வித்துப்போல் உறங்கும் ஆற்றல் உடையது. கொதிநீரில் வெந்தாலும் அவ்வித்துகள் பல மடிவதில்லை. உணவு மெல்ல ஆறி வெதுவெதுப்பாகும்போது அவை முளைத்துப் பெருகத் தொடங்கும். பெருகும்போது செரியுலைடு என்னும் நச்சை உணவிலேயே கக்கிவிடும். நுண்ணுயிரைச் சூடு கொல்லும். அந்நச்சைச் சூடு அழிக்காது. 121 டிகிரி வெப்பத்தையும் தாங்கி நிற்பது அது. நம் அடுப்பில் கொதிக்கும் நீரோ 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. ஆகையால், ‘நன்றாகக் கொதிக்க வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்’ என்னும் நம்பிக்கை இங்கே பயன்படாது. அந்நச்சுக்கு மணமில்லை. முகர்ந்து பார்த்துத் தீர்ப்பளிக்கவும் இயலாது.

சோற்றுக்கும் இது பொருந்தும். 1971ஆம் ஆண்டில் பிரிட்டனில், சீன உணவகங்களில் வறுத்த சோறு உண்டோர் சில மணி நேரத்தில் வாந்தியெடுத்து அவதியுற்றனர். வேகவைத்த சோற்றைக் குளிரில் வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்று கருதிய சமையற்காரர்கள், அதை இரவு முழுவதும் சமையலறையிலேயே வைத்திருந்து மறுநாள் வறுத்தனர். அதுவே காரணமென்று ஆய்வாளர் கண்டனர். பெரும்பாலோர் ஒரு நாளில் குணமடைவர். அரிதாகவே உயிருக்கு ஆபத்து நேரும். எனினும் அரிதாக நேர்வது யார் வீட்டில் நேரும் என்று எவர் கூறக்கூடும்?

அச்சுறுத்துவது நம் நோக்கமன்று. காக்கும் வழி எளிது. 60 டிகிரிக்கும் 5 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில்தான் இந்நுண்ணுயிர்கள் செழிக்கின்றன. அந்த இடைவெளியை உணவு விரைந்து கடந்துவிட வேண்டும். சமைத்த உணவு இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்சாதனப் பெட்டிக்குச் சென்றுவிட வேண்டுமென்பது நிபுணர் கூறும் விதி. வெளி வெப்பம் 32 டிகிரிக்கு மேற்பட்டால், ஒரு மணி நேரமே கெடு. நம் ஊர்க் கோடைகாலச் சமையலறையில் இந்த இரண்டாவது விதியே நமக்குரியது.

பாஸ்தா மீந்தால் செய்ய வேண்டியது இதுதான். உண்டு முடித்துப் பாத்திரங்களைத் துலக்கும்வரை காத்திராமல், உணவு பரிமாறிய கையோடு மீதியை எடுத்துவிடுங்கள். சாறு எதுவும் கலவாத பாஸ்தாவை வடித்து, குடிக்கத்தக்க குளிர்ந்த நீரில் அலசி, நீர் முழுவதும் வடிந்த பின்னர் ஒரு கரண்டி எண்ணெய் விட்டுப் பிரட்டினால் ஒட்டாது. சாறு கலந்ததாயின், அகன்ற தாம்பாளத்தில் இரண்டு அங்குல உயரத்திற்கு மிகாமல் பரப்புங்கள். பனிக்கட்டி இட்ட நீரில் பாத்திரத்தின் அடியை வைத்துக் கிளறினால் இன்னும் விரைவில் ஆறும். ஆவி அடங்கியதும் சிறு சிறு பாத்திரங்களில் மூடி உள்ளே வைத்துவிடுங்கள். முற்றிலும் குளிர்ந்த பிறகே வைக்க வேண்டுமென்று சிலர் இரவெல்லாம் மேடைமீது விட்டுவிடுகின்றனர். அது தவறு. சற்று வெதுவெதுப்பாயிருந்தாலும் சிறிய பாத்திரத்தில் உள்ளதை வைக்கலாம். பெரிய குண்டானோடு சூடாக வைப்பதே கூடாது; அதன் நடுப்பகுதி பல மணி நேரம் ஆறாமல் கிடக்கும், பக்கத்திலுள்ள பண்டங்களும் சூடேறும்.

அடுத்து, பெட்டியையும் சோதித்துப் பாருங்கள். உள்ளே 4 டிகிரியோ அதற்குக் குறைவாகவோ இருக்க வேண்டும். சிறு வெப்பமானி ஒன்றை வாங்கி உள்ளே வைத்தால் உண்மை தெரியும். அதன் விலை ஒரு வேளை மருத்துவச் செலவுக்கு ஈடாகாது. காற்று உலவ இடமின்றிப் பண்டங்களைத் திணிக்காதீர்கள். மின்சாரம் நின்றால் கதவைத் திறவாதிருங்கள். மூடியிருக்கும் பெட்டி ஏறக்குறைய நான்கு மணி நேரம் குளிரைக் காக்கும். அதற்கு மேல் நின்றுவிட்டால், உள்ளிருக்கும் சமைத்த உணவை உண்ணாதிருப்பதே நன்று.

இவ்வாறு காத்த பாஸ்தாவை மூன்று அல்லது நான்கு நாள்களுக்குள் உண்டுவிடலாம். சோற்றை மறுநாளே தீர்த்துவிடுவது நலம். வேண்டிய அளவை மட்டும் வெளியே எடுத்து, ஆவி பறக்கச் சூடாக்கி உண்ணுங்கள். சூடாக்கியதில் மீந்ததை மீண்டும் உள்ளே வைக்காதீர்கள். மீந்த உணவை உண்டபின் எவருக்கேனும் வாந்தி நில்லாமலும், மயக்கமோ மந்தமோ கண்டாலும், கைவைத்தியத்தில் காலங்கடத்தாமல் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். உண்டது என்ன, சமைத்தது எப்போது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

‘நம் முன்னோர் பழைய சோறு உண்டு வாழவில்லையா?’ என்று பெரியவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர்கள் மீந்த சோற்றை வெறுமனே மூடி வைக்கவில்லை, நீரூற்றி வைத்தனர். இரவில் அது புளிக்கும்போது உண்டாகும் லாக்டிக் அமிலம் கெடுக்கும் நுண்ணுயிர்கள் பலவற்றை அடக்குகிறது. அதையும் மறுநாள் காலையிலேயே உண்டு முடித்தனர். அது ஒரு முறை. அதற்கென ஒரு கெடுவும் உண்டு. நீரும் ஊற்றாமல், குளிரிலும் வைக்காமல், மேடைமீது கிடந்த சோற்றையும் பாஸ்தாவையும் அதனோடு ஒப்பிடலாகாது.

இன்னொன்றையும் கூறக் கடமைப்பட்டுள்ளோம். திருவிழா நாள்களிலும் திருமண வீடுகளிலும் அண்டா அண்டாவாகச் சமைத்து, மீந்ததை ஏழைகளுக்குக் கொடுக்கிறோம். நல்ல செயல். ஆனால் அண்டாவிலேயே இரவு முழுவதும் மூடிக் கிடந்ததை மறுநாள் காலையில் கொடுப்பது தருமமாகுமா? நம் பிள்ளைக்குக் கொடுக்க அஞ்சும் உணவை மற்றொருவர் பிள்ளைக்குக் கொடுக்கலாகாது. கொடுப்பதாயின், பந்தி முடிந்தவுடன், சூடு ஆறுமுன்பே கொடுத்துவிடுங்கள். அவர்களும் நம்மைப் போல் சுடச்சுட உண்ணட்டும்.

ஆகவே தாய்மாரே, உணவை வீணாக்காதீர்கள் என்றே நாமும் சொல்கிறோம். அளந்து சமையுங்கள், மீந்தால் அந்த முதல் மணி நேரத்திலேயே காத்துவிடுங்கள். அது தவறிவிட்டதாயின், தயங்காமல் கொட்டிவிடுங்கள். வீட்டிலுள்ள ஆண்மக்களும் பிள்ளைகளும் இதில் கைகொடுக்க வேண்டும். உழைத்துக் களைத்த தாய் ஒருத்தியே இரவில் இவ்வளவையும் செய்ய வேண்டுமென்று எதிர்பார்த்தால், தாம்பாளம் மேடைமீதே கிடந்துவிடும்.