சளிக்கு சிரப்பும் வேண்டாம், அம்மாவுக்குத் திட்டும் வேண்டாம்

செமஸ்டர் லீவுக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். ஒன்றரை வயது மருமகனைத் தூக்கிக்கொண்டு அக்காவும் வந்திருந்தாள். மூன்றாம் நாள் அவனுக்குத் தடுமன் பிடித்துவிட்டது. பகலெல்லாம் மூக்கு ஒழுகல், ராத்திரி மூக்கடைத்துக்கொண்டு ஒரே அழுகை. இதில் அதிசயம் எதுவும் இல்லை. அதற்கப்புறம் நடந்ததுதான் என்னை எழுத வைத்தது.

"தலைக்கு ஊத்திட்டு சரியா துவட்டியிருக்க மாட்டே" என்றார் அம்மா. "திராட்சை குடுத்தியா?" என்றார் பக்கத்து வீட்டுப் பாட்டி. அக்காவின் மாமியார் போனில், "இங்க இருந்தவரைக்கும் நல்லாத்தானே இருந்தான்" என்றார். அக்கா யாருக்கும் பதில் சொல்லவில்லை. சாயங்காலம் என் கையில் நூறு ரூபாயைத் திணித்து, "மெடிக்கல்ல சளி சிரப் ஒண்ணு வாங்கிட்டு வாடா" என்றாள்.

அந்த சிரப் குழந்தைக்காக இல்லை, திட்டியவர்களுக்காக! என்னைக் கேட்டால் நம் ஊரில் விற்கும் சளி மருந்தில் பாதி இப்படித்தான் விற்கிறது. 'பிள்ளைக்கு ஒண்ணும் குடுக்காம இருக்கா' என்ற பேச்சுக்குப் பயந்து வாங்குவது.

அந்தப் பயத்துக்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதை 2025-ல் பார்த்தோம். மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடாவில் சாதாரண சளி, காய்ச்சலுக்கு மருந்து குடித்த 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் குடித்த கோல்ட்ரிஃப் சிரப் தயாரானது வேறெங்கோ இல்லை, நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழக அரசு சோதித்தபோது அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்தது. 0.1 சதவீதத்தைத் தாண்டவே கூடாத பொருள் அது.

கலப்படம் ஒரு குற்றம், அதற்கு நடவடிக்கை தனி. என் கேள்வி வேறு. மருந்து சுத்தமாகவே இருந்திருந்தாலும் அந்தக் குழந்தைகளுக்கு அது தேவைப்பட்டிருக்குமா? அதிலிருந்த குளோர்பெனிரமின், பினைலெஃப்ரின் கூட்டை 4 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறை, 2 வயதுக்குள் இருமல் சளி மருந்தே கூடாது, 5 வயதுக்குள்ளும் பொதுவாக வேண்டாம் என்று சொன்னது. காரணம் எளிது. இவை சின்னக் குழந்தைகளின் சளியைக் குறைப்பதாகத் தெரியவில்லை. மயக்கம், படபடப்பு போன்ற தொல்லைகள் மட்டும் நிச்சயம் உண்டு.

ஜலதோஷம் வைரஸால் வருவது. 200-க்கும் மேற்பட்ட வைரஸ்கள் இருக்கின்றன. சின்னக் குழந்தைக்கு வருஷத்துக்கு ஆறு, எட்டு தடவை சளி பிடிப்பது சாதாரணம். ஏழெட்டு நாளில் மூக்கு தேறும், இருமல் இன்னும் ஒரு வாரம் இழுக்கலாம். ஆன்டிபயாடிக் வைரஸைத் தொடாது. சளி பச்சையாக மாறினாலும் அதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் தேவையில்லை.

ஈரத் தலையும் திராட்சையும் வைரஸை உண்டாக்காது. வீட்டுக்குள் அதை யாராவது கொண்டுவர வேண்டும். (ஹாஸ்டலில் இருந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்து, கையைக்கூடக் கழுவாமல் அவனைத் தூக்கி முத்தம் கொடுத்த ஆள் யார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது!) சோப்புப் போட்டுக் கை கழுவுவதும், சளி பிடித்தவர்கள் குழந்தையிடமிருந்து கொஞ்சம் தள்ளி நிற்பதும்தான் பெரிய தடுப்பு.

அப்படியானால் சும்மா பார்த்துக்கொண்டே இருப்பதா? இல்லை. மெடிக்கலில் நான் வாங்கி வந்தது மூக்குக்கு விடும் உப்புநீர் சொட்டு மருந்து. பால் குடிப்பதற்கும் தூங்குவதற்கும் முன்னால் இரண்டு மூக்கிலும் விட்டால் அடைப்பு இளகும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது, கஞ்சியும் வெந்நீரும் அடிக்கடி கொடுக்கலாம். இருமலுக்குத் தேன் நல்லது, ஆனால் ஒரு வயது முடிந்த பிறகு மட்டும். அதற்கு முன் கொடுத்தால் பொட்டுலிசம் என்ற ஆபத்து இருக்கிறது. பாட்டி வைத்தியத்தில் எனக்கு மரியாதை உண்டு. அதற்காக எல்லாவற்றையும் ஏற்க முடியவில்லை. தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பது கைக்குழந்தைக்கு வலிப்பையே வரவழைக்கலாம். சாம்பிராணிப் புகை அடைத்த மூக்கை இன்னும் எரிச்சலாக்கும். கொதிக்கும் பாத்திரத்தின் முன் குழந்தையை உட்காரவைத்து ஆவி பிடிப்பது... வெந்து போன கைகளைத் தீக்காய வார்டில் கேட்டுப் பாருங்கள்.

பார்க்க வேண்டியது மூச்சை. குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிஷம் முழுதாக எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் போனாலோ, நெஞ்சு உள்வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலே டாக்டர்தான்.

சிரப் வாங்காமல் வந்ததற்கு அக்கா அன்று ராத்திரி என்னோடு பேசவில்லை. கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் அவன் மூச்சை எண்ணினோம். 32. அதற்கப்புறம்தான் தூங்கினாள். எட்டாம் நாள் அவன் வழக்கம்போல் என் செருப்பைக் கடித்துக்கொண்டிருந்தான்.

அக்காவின் மாமியாருக்கு நானே போன் செய்து, "அத்தை, தடுமனைக் கொண்டுவந்தவன் நான்தான், அக்கா இல்ல" என்று சொன்னேன். சிரித்தார். "சரிப்பா... இருந்தாலும் தலையை இன்னும் கொஞ்சம் நல்லா துவட்டச் சொல்லு."